கருத்துப் பக்கத்தைச் சரிபார்ப்பது யார்?

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. தேர்தல் நெருங்கினால் தமிழ் நாளிதழ்களின் கருத்துப் பக்கங்களில் அந்தக் கல்வெட்டு வந்துவிடும். நீதிபதிகள் நியமனத்தில் சர்ச்சை எழுந்தாலும் வந்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அனைவரும் வாக்களித்துத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்த மண் இது, இன்றோ மூடிய அறைக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று கட்டுரை தொடங்கும்.

கல்வெட்டு சொல்வது வேறு. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்கு வர விரும்புகிறவருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்குக் குறையவும் கூடாது, 70-ஐத் தாண்டவும் கூடாது. வேதப் பயிற்சி வேண்டும். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது குலுக்கல், வாக்கெடுப்பு அல்ல. சபையோ பிரமதேய ஊரின் பிராமணர் சபை. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. இவ்வளவும் இருந்தும் அந்தக் கல்வெட்டு மதிப்பு மிக்கதுதான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வரவே கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள். உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதுமான பெருமை அது.

அந்தக் கட்டுரையை எழுதியவர் பொய் சொல்லவில்லை. எங்கோ படித்ததை நம்பி எழுதியிருக்கிறார். அதே வாக்கியம் செய்தியாக வந்திருந்தால், மேசையில் இருக்கும் துணை ஆசிரியர் ஒருவராவது ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பார். கருத்துக் கட்டுரை என்றதும் அந்தக் கேள்வி எழுவதில்லை. கட்டுரையின் அடியில், இதிலுள்ள கருத்துகள் எழுதியவரின் சொந்தக் கருத்துகள் என்று ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று பத்திரிகைகள் நினைக்கின்றன. ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்பது கருத்து. அந்தச் சட்டத்தின் பிரிவு எண்ணும், அது அமலுக்கு வந்த தேதியும், அதில் எழுதியிருக்கும் நிபந்தனையும் யாருடைய சொந்தக் கருத்தும் அல்ல.

குடவோலையைப் பற்றித் தவறாக எழுதினால் சரித்திர ஆசிரியர்கள் வருந்துவார்கள், அவ்வளவுதான். கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றித் தவறாக எழுதினால் ஒரு பெண்ணின் உடம்பில் போய் முடியும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைத் தறியில் வேலை செய்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் ஒருவர் போதாது. ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் வீட்டுப் பெண்கள்தான். இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது மூன்றாவதாகக் கரு தங்கிவிட்டது, எட்டு வாரம். வேண்டாம் என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். கருக்கலைப்பு சட்டப்படி குற்றம் என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் நம்பினால் அவள் அரசு மருத்துவமனைப் பக்கம் போவாளா? மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கும் கடையைத்தான் தேடுவாள். 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்று தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடத்திய ஆய்வைக் கொண்டு கணக்கிட்டு, லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நடந்தவை. அந்தப் பெண்கள் எல்லோரும் பத்திரிகை படித்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சட்டத்தைப் பற்றிய அச்சமும் அறியாமையும் ஊரில் எங்கிருந்து பரவுகின்றன என்ற கேள்வியில் பத்திரிகைக்கும் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வதைத் தவிர மற்ற கருக்கலைப்புகளைக் குற்றமாக்கியது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவாக இருக்கிறது. சாந்திலால் ஷா குழு 1964-இல் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையின் அடிப்படையில் 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய குற்றப் பிரிவை அது நீக்கவில்லை. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவு பெற்ற மருத்துவர், அங்கீகாரம் பெற்ற இடத்தில் செய்தால் குற்றமில்லை என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. இதனால்தான் கட்டுரையாளர்கள் இரண்டு பக்கமும் தடுமாறுகிறார்கள். குற்றப் பிரிவை மட்டும் பார்த்தவர் கருக்கலைப்பே குற்றம் என்கிறார். திறந்த வாசலை மட்டும் பார்த்தவர், இந்தியப் பெண்ணுக்கு 24 வாரம் வரை கேட்ட மாத்திரத்தில் உரிமை உண்டு என்கிறார்.

2021-இல் வந்த திருத்தம் அந்த ஆண்டு செப்டம்பர் 24-இல் அமலுக்கு வந்தது. அதன்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் விதிகளில் சொல்லப்பட்ட பெண்களுக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிலர். கருவில் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் வார வரம்பே இல்லை. தாயின் உயிரை உடனே காப்பாற்ற வேண்டிய நிலையிலும் வரம்பு இல்லை. கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பம் பற்றிய விளக்கத்தில் முன்பு மணமான பெண், அவள் கணவர் என்று இருந்தது. திருத்தத்தில் அது எந்தப் பெண்ணும், அவளுடைய துணைவர் என்று மாறியது. ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் மணமாகாத ஒரு பெண் மருத்துவர் முன் உட்காரும்போது அந்த ஒரு சொல்தான் அவளுக்குத் துணை.

இதற்கு அடுத்து அடிக்கடி காணும் பிழை, இரண்டு சட்டங்களை ஒன்றாகக் குழப்புவது. ஸ்கேன் மையங்களில் ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது என்ற பலகையைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. அது 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் அமலுக்கு வந்த வேறொரு சட்டத்தின் பலகை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் சொல்வதும் அச்சட்டப்படி குற்றம். 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைகள் நாடு முழுவதும் பேசப்பட்டதும், 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் தமிழர் மனசாட்சியில் ஆறாத புண். அந்தப் புண்ணின் வலியிலிருந்து எழுதுகிற கட்டுரையாளர், பெண் கருவைத் தேடி அழிப்பது குற்றம் என்று தொடங்கி, நாலாவது பத்தியில் கருவைக் கலைப்பது குற்றம் என்று முடித்துவிடுகிறார். அவருடைய கோபம் நியாயமானது. அதற்கு விலை கொடுப்பவளோ எட்டு வாரக் கர்ப்பத்தோடு நிற்கிற அந்தத் தறிக்காரி.

எண்களிலும் இதே கவனக்குறைவு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 943. முதலில் வந்த தற்காலிகக் கணக்கில் அது 946. எல்லா வயதினரையும் சேர்த்தால் 996. இந்த மூன்று எண்களும் கட்டுரைகளில் ஒன்றுக்கு ஒன்று மாறி வருகின்றன. 996-ஐப் பிடித்தவர் தமிழ்நாட்டில் பிரச்சினையே இல்லை என்பார். 943-ஐப் பிடித்தவர் அபாயம் என்பார். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2011-இல் காஞ்சிபுரம் மாவட்டம் என்று அச்சான எந்த எண்ணிலும் செங்கல்பட்டும் தாம்பரமும் சேர்ந்திருக்கின்றன. அதை இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் பெண் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள் என்றோ கூடிவிட்டார்கள் என்றோ எழுதினால், ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

தேதி தவறினால் தீர்ப்பே மாறிவிடும் என்பதற்கு 2023 அக்டோபர் ஒரு பாடம். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான, மணமான ஒரு பெண் 26 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டார். அக்டோபர் 9-இல் நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா அடங்கிய அமர்வு அனுமதித்தது. கருவுக்கு உயிர்வாழும் வாய்ப்பு இருப்பதாக எய்ம்ஸ் மருத்துவர் எழுதியதும் விவகாரம் மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தது. 11-ஆம் தேதி அதே இரண்டு நீதிபதிகளும் வேறுபட்டார்கள். தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார் கோலி. அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. 16-ஆம் தேதி தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. 10-ஆம் தேதி எழுதிய கட்டுரையும் 17-ஆம் தேதி எழுதிய கட்டுரையும் எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் சரி. முன்னதை 20-ஆம் தேதி அச்சிட்டிருந்தால் அது பிழை. அடுத்த ஆண்டும் இதே கதை. 2024 ஏப்ரல் 22-இல் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்கு, கரு ஏறத்தாழ 30 வாரமாகியிருந்த நிலையில், உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. பெற்றோர் மகளின் உடல்நிலையை நினைத்து மனம் மாறியதால் 29-ஆம் தேதி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட ஒரு வாரத்தில் எழுதப்பட்டதை இணையத்தில் அப்படியே விட்டுவைத்தால், இன்று தேடிப் படிக்கிறவருக்குக் கிடைப்பது ரத்தான உத்தரவு.

2022 செப்டம்பர் 29 தீர்ப்பும் அதிகம் திரித்து எழுதப்பட்ட ஒன்று. மணமாகாத 25 வயதுப் பெண் தொடுத்த வழக்கு அது. மணமானவர், மணமாகாதவர் என்று வேறுபடுத்துவது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்றது மூவர் அமர்வு. கணவரின் வன்புணர்வால் உண்டான கர்ப்பத்தையும் பாலியல் வன்முறையின் கணக்கில் சேர்க்கலாம் என்றும் சொன்னது. ஆனால் கருக்கலைப்புச் சட்டத்துக்கும் அதன் விதிகளுக்கும் மட்டும் என்று வரையறுத்தே சொன்னது. திருமண உறவில் வன்புணர்வு இனி குற்றம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்துவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். தண்டனைச் சட்டத்தின் விதிவிலக்கு அப்போதும் இருந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும், மனைவி 18 வயது நிரம்பியவர் என்றால், இருக்கிறது. அந்த விதிவிலக்கு ஒழிய வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒழிந்துவிட்டது என்று எழுதிவிட்டால், ஒழிக்கச் சொல்லிக் கேட்க ஆளே இராது.

அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது பிழைகள் வேறு வகை. 2022 ஜூன் 24-இல் டாப்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பைத் தடை செய்துவிட்டது என்று இங்கே பலர் எழுதினார்கள். அது தடை செய்யவில்லை. 1973-இல் ரோ வழக்கில் தானே ஏற்படுத்திய அரசியல் சட்டப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டு, முடிவை மாநிலங்களிடம் விட்டது. சில மாநிலங்கள் தடுத்தன, சில மாநிலங்கள் பாதுகாத்தன. அங்கே உரிமை நீதிமன்றத்திலிருந்து வந்தது. அதனால் நீதிபதி யார் என்பதே உரிமையின் உயிர்நாடி ஆனது. 2018-இல் பிரெட் கவானாவை செனட் 50-க்கு 48 என்ற வாக்கிலும், 2020-இல் ஏமி கோனி பாரெட்டை 52-க்கு 48 என்ற வாக்கிலும் ஏற்றது. ஒவ்வொரு வாக்கும் எண்ணப்பட்டதற்குக் காரணம் அதுதான். இந்தியாவில் கருக்கலைப்புக்கு வழி திறந்தது நாடாளுமன்றம், 1971-இல். இரண்டு நாட்டையும் ஒரே அச்சில் வார்த்து, அங்கே நடந்தது நாளை இங்கே நடக்கும் என்று எழுதுவதற்கு முன் இந்த வேறுபாட்டை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

கவானா விவகாரத்தில் கருத்துப் பக்கங்கள் செய்த பிழைகளிலிருந்து நம் பத்திரிகைகள் நிறையக் கற்கலாம். 2018 விசாரணையின்போது கருத்தடை மருந்துகளைக் கருவைக் கலைக்கும் மருந்துகள் என்று அவர் சொன்னதாகப் பரவியது. ஒரு பழைய வழக்கில் மனுதாரர்கள் எடுத்துவைத்த வாதத்தை அவர் விவரித்த இடம் அது. அவர்கள் சொன்னார்கள் என்ற சொற்களை வெட்டிவிட்டதால், வாதியின் வாக்கியம் நீதிபதியின் வாக்கியமாகிவிட்டது. 2019 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் ஞாயிறு கருத்துப் பகுதியில் அவரைப் பற்றிய நூலிலிருந்து ஒரு பகுதியை வெளியிட்டது. அதில் ஒரு புதிய குற்றச்சாட்டு இருந்தது. சம்பந்தப்பட்ட பெண் பேட்டி தர மறுத்ததும், அவருக்கு அந்தச் சம்பவம் நினைவில் இல்லை என்று அவர் நண்பர்கள் சொன்னதும் நூலில் இருந்தன, பத்திரிகையில் விடுபட்டுப் போயின. பின்னர் ஆசிரியர் குறிப்பு ஒன்றைச் சேர்த்துத் திருத்தினார்கள். கவானா மீதான மற்றப் புகார்கள் எவ்வளவு கனமானவை என்பது வேறு பேச்சு. ஒரே ஒரு வாக்கியம் விடுபட்டதால் அந்தக் கனமான புகார்களும் சந்தேகத்துக்கு உள்ளாயின என்பதுதான் துயரம்.

இந்த ‘அவர்கள் சொன்னார்கள்’ பிழை தமிழ்நாட்டில் தினமும் நடக்கிறது. நீதிமன்றத்தில் நீதிபதி வாய்மொழியாக ஒரு கேள்வி கேட்பார். வழக்கறிஞரைச் சோதிப்பதற்காக எதிர்த்தரப்பு வாதத்தைத் தானே எடுத்துப் பேசுவார். மறுநாள் அது நீதிபதி கருத்து என்று தலைப்பாகும். மூன்றாம் நாள் கருத்துக் கட்டுரையில் நீதிமன்றத்தின் நிலைப்பாடு ஆகும். ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு என்றே எழுதப்படும். எழுத்தில் வந்த உத்தரவில் அந்தச் சொல்லே இருக்காது.

நீதிபதி நியமனத்துக்கு வருவோம். கொலீஜியம் என்ற சொல் அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. 124, 217 ஆகிய பிரிவுகள் கலந்தாலோசனை பற்றித்தான் பேசுகின்றன. 1993 அக்டோபர் 6-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பிலிருந்தும், 1998-இல் வந்த விளக்கத்திலிருந்தும் உருவானது இன்றைய முறை. கொலீஜியம் பரிந்துரைக்கிறது. நியமிப்பவர் குடியரசுத் தலைவர். தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபர் 16-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது என்று எழுதுகிறவர்கள் நீதிபதி செலமேஸ்வரின் மாறுபட்ட தீர்ப்பை மறந்துவிடுகிறார்கள். நாலுக்கு ஒன்று அது. கொலீஜியம் முறையை எதிர்ப்பவர்களுக்கு அந்த ஒன்றுதான் வலுவான ஆயுதம் என்பதும் அவர்களுக்கே தெரிவதில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு பெயர்களை இங்கே சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரி 17-இல் கொலீஜியம் வழக்கறிஞர் எல். விக்டோரியா கௌரியைப் பரிந்துரைத்தது. அதே நாளில், முன்னதாக 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்திருந்த வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. கௌரியின் பழைய பேச்சுகளையும் எழுத்தையும் காட்டி, சிறுபான்மையினருக்கு எதிரானவை என்று மூத்த வழக்கறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிப்ரவரி 7 காலையில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது, அன்றே அவர் பதவியேற்றார். அவருடைய பேச்சில் தவறில்லை என்று நீதிமன்றம் நற்சான்று தந்துவிட்டதாக ஆதரவாளர்கள் எழுதினார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. தகுதி இருக்கிறதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கலாம், பொருத்தமானவரா என்பது கொலீஜியத்தின் வேலை, அதற்குள் நுழைய மாட்டோம் என்றது.

ஜான் சத்யன் விஷயத்தில் உளவுத்துறை குறித்திருந்தது என்ன தெரியுமா? பிரதமரை விமர்சித்து ஒரு இணைய இதழில் வந்த கட்டுரையை அவர் பகிர்ந்திருந்தார். 2017-இல் நீட் தேர்வால் மருத்துவப் படிப்புக் கிடைக்காமல் உயிரை விட்ட அரியலூர் மாணவி அனிதாவைப் பற்றிய ஒரு பதிவையும் பகிர்ந்திருந்தார். இவற்றால் அவருடைய தகுதிக்கோ நேர்மைக்கோ பழுது இல்லை என்று கொலீஜியம் எழுத்தில் சொன்னது. அன்று புதிதாகப் பரிந்துரைக்கப்பட்ட சிலருக்கு முன்பாக அவர் நியமிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. அவருக்குப் பின் பரிந்துரைக்கப்பட்டவர்கள் முன்னே பதவியேற்றார்கள். ஒரு கருத்துக் கட்டுரையை எழுதக்கூட இல்லை, பகிர்ந்ததற்காக ஒருவருடைய கோப்பில் குறிப்பு ஏறுகிறது என்றால், கருத்துக் கட்டுரை சும்மா பொழுதுபோக்கு அல்ல என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அதை அச்சிடுகிற பத்திரிகைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக்கு இது புதிய பாடம் இல்லை. அண்ணா 1942-இல் ‘திராவிட நாடு’ இதழை இந்த ஊரிலிருந்துதான் தொடங்கினார். படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்ட காலம். கருத்துக் கட்டுரை ஒரு மாநிலத்தின் ஆட்சியையே மாற்ற முடியும் என்பதைப் பார்த்த ஊர். இன்று அந்தத் தேநீர்க் கடைக்கு எல்லையே இல்லை. சென்னையில் எழுதுவதை யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அதே நிமிடத்தில் படிக்கிறார்கள். இலங்கையில் தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. மலேசியாவில் 1989 திருத்தத்துக்குப் பின் உடல்நலம், மனநலம் ஆகியவற்றுக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் அனுமதி உண்டு. சிங்கப்பூரில் 24 வாரம் வரை, ஆலோசனைக்குப் பிறகு, பெண்ணின் கோரிக்கையே போதும். சட்டப்படி என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எந்த நாட்டுச் சட்டப்படி என்று வாசகி எப்படி அறிவாள்?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுப்புடவை எடுக்க வரும் விவரம் தெரிந்த குடும்பங்கள் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடுவதில்லை. முந்தானை ஓரத்தில் ஒரு பிசிறை இழுத்துக் கொளுத்தி முகர்வார்கள். முடி கருகிய வாடை வந்தால் பட்டு. ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். மேலே தங்கப் பூச்சு, அடியில் வெள்ளி, அதற்கும் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். அதிலும் சந்தேகம் என்றால் ஜரிகையைச் சோதித்துச் சொல்லும் கருவி ஊரிலேயே இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறிய அதே 1971-இல் தமிழ்நாடு ஜரிகை ஆலையை அரசு இங்கே நிறுவியது. புடவையின் வண்ணமும் வடிவமும் நெய்தவர் விருப்பம், அதில் யாரும் தலையிடுவதில்லை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பது அவர் விருப்பம் அல்ல.

கருத்துப் பக்கத்துக்கும் இப்படி ஒரு சோதனை வைப்பது முடியாத காரியமா? ஆசிரியர் குழுவில் ஒருவர் ஒரு பேனாவோடு உட்கார்ந்து கட்டுரையில் வரும் பெயர், தேதி, எண், சட்டப் பிரிவு, மேற்கோள் ஆகியவற்றை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். சட்டங்களின் மூலம் அரசின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் நீதிமன்றத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. எழுதியவரைக் கூப்பிட்டு, ஐயா, இது எந்தத் தீர்ப்பில் எந்தப் பத்தி என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எழுதுகிறவர் ஓய்வு பெற்ற நீதிபதியாகவோ மூத்த பேராசிரியராகவோ இருந்தால் கேட்கத் தயங்குகிறார்கள். அவர்களிடம்தான் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொன்னால் ஊர் நம்பும்.

வெளியிலிருந்து இதைச் செய்ய யாரும் வரமாட்டார்கள். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பிரஸ் கவுன்சில் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அதற்கு மேல் அதிகாரம் இல்லை. தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்க மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது, அது சரியான முடிவு. எது உண்மை என்று அரசு முத்திரை குத்த ஆரம்பித்தால் கருத்துப் பக்கமே இருக்காது. தமிழ்நாட்டில் மாநில அரசு வைத்திருக்கும் சரிபார்ப்பகத்துக்கும் இது பொருந்தும். பத்திரிகையின் பிழையைப் பத்திரிகைதான் திருத்த வேண்டும். தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-இல் வாசகர் புகார்களைக் கேட்பதற்கென்றே தனி ஆசிரியர் ஒருவரை நியமித்தது, திருத்தங்களைத் தினமும் அச்சிட்டது. அதனால் அந்தப் பத்திரிகையின் மதிப்புக் குறையவில்லை. தமிழ் நாளிதழ்கள் இந்த வழியில் வர இன்னும் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? திருத்தம் வெளியிட்டால் அது பிழை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். உள்பக்கத்து மூலையில் ஒரு கட்டத்துக்குள் போடுவதை அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் யார் பார்க்கப் போகிறார்கள்?

கருக்கலைப்பு சரியா தவறா என்பதில் தமிழர்கள் ஒரே கருத்தில் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. உயிரின் தொடக்கம் பற்றி நம்பிக்கையோடு எழுதுகிறவர் எழுதட்டும். உடல் அவளுடையது என்று எழுதுகிறவரும் எழுதட்டும். இருவரும் எதிரெதிரே நின்று வாதிடுகிற இடம்தான் கருத்துப் பக்கம். ஆனால் இருவரும் ஒரே சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளையார்பாளையத்துப் பெண் அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்போது யார் பக்கம் நியாயம் என்று அவளே முடிவு செய்துகொள்வாள். நாளைக் காலை எந்த வாசலுக்குப் போவது என்பது மட்டும் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே, இதுவரை தவறாக எழுதியவர்கள் சார்பில் ஒன்றை இங்கேயே திருத்திவிடலாம். கருக்கலைப்புக்கு முன் மருத்துவமனையில் ஒப்புதலுக்காகக் கொடுப்பது படிவம் சி. 18 வயது நிரம்பிய, மனநலம் பாதிக்கப்படாத பெண் என்றால் அதில் கையெழுத்திட வேண்டியவர் அவர் மட்டுமே. கணவரின் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. அந்தப் பெண்ணின் பெயரைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியே சொன்னால், சொன்ன மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை.